ஒரு ஈட்டுக்கு எத்தனை இட்லி?

அரியமங்கலம்,
20.1.2025

பானுவுக்கு,

நலம். நீயும் நலம் என்று நினைக்கிறேன்.

"போன் வேணாம், மெசேஜ் வேணாம், எதுவா இருந்தாலும் தபால்ல எழுதுங்க. ரெண்டு நாள் ஆகும், அதுக்குள்ள ரெண்டு பேருக்கும் கோபம் ஆறும்" என்று ஆகஸ்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது சொன்னாய். இந்தக் காலத்தில் யார் தபால் எழுதுவார்கள் என்று ஐந்து மாதம் இருந்துவிட்டேன். இப்போது எழுதவேண்டி வந்துவிட்டது.

பட்டறை போன் அடிப்பதில்லை. தை பிறந்தால் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். சமயபுரம் பூச்சொரிதலுக்கும் சித்திரைத் தேருக்கும் அன்னதானம் போடுகிறவர்கள் இட்லிக் கொப்பரை, அண்டா, ஸ்டீமர் என்று காலையில் கடை திறக்கும் முன்பே கூப்பிடுவார்கள். இந்தத் தை முதல் வாரத்தில் வந்தது மூன்று போன். அதில் ஒன்று, கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்க வந்தது.

புது வெப்சைட் செய்த சென்னைக் கம்பெனியைக் கேட்டேன். "சார், கூகுள்ல நீங்கதான் ஃபர்ஸ்ட்" என்று ஸ்கிரீனைக் காட்டுகிறார்கள். உண்மைதான். 'நவநீதன் ஸ்டீல்ஸ்' என்று அடித்தால் நாம்தான் முதலில் நிற்கிறோம். அப்புறம் ஏன் ஒருத்தரும் கூப்பிடவில்லை என்றால் "மார்க்கெட் டல் சார்" என்கிறார்கள்.

தங்கையன் அண்ணனோடு சேர்த்து ஒன்பது பேர் வேலைக்கு இருக்கிறார்கள். போன வாரம் மூன்று நாள் எல்லாரும் பழைய தகட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் அடுக்கினோம். வெல்டிங் மெஷின் சத்தமே இல்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

உன்னுடைய பழைய வெப்சைட்டின் பாஸ்வேர்டோ வேறு ஏதாவதோ உன்னிடம் இருந்தால் அனுப்பிவை.

இப்படிக்கு,
நவநீதன்


அம்மா மண்டபம் சாலை,
ஸ்ரீரங்கம்,
25.1.2025

நவநீதன் ஸ்டீல்ஸ் உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. இப்படித்தான் ஆரம்பிக்கத் தோன்றியது. நீங்கள் எழுதியது மனைவிக்கு எழுதிய கடிதமாக இல்லை. காலி செய்துபோன குடித்தனக்காரரிடம் சாவி கேட்பதுபோல இருந்தது. பரவாயில்லை, எழுதினீர்களே.

எந்த வீட்டுக்குச் சாவி கேட்கிறீர்கள்? எட்டு வருஷமாக நான் எழுதிச் சேர்த்த நாற்பத்து மூன்று பக்கங்களையும் அந்தக் கம்பெனி ஒரே நாளில் இடித்துவிட்டது. என்னிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரம்பலூர் ஹாஸ்டல்காரர் ஒருவருக்குக் கொப்பரைப் பக்கத்தை அனுப்பப்போய், 'இந்தப் பக்கம் இல்லை' என்று வந்ததைப் பார்த்துத்தான் நானே தெரிந்துகொண்டேன். ஆனால் அதற்காக மட்டும் நான் கிளம்பவில்லை. அது உங்களுக்குத் தெரியும். தெரியாது என்றால், அதுதான் காரணம்.

ஒன்பது பேருக்காகச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

'நவநீதன் ஸ்டீல்ஸ்' என்று தேடுகிறவருக்கு உங்களை ஏற்கெனவே தெரியும். அவர் வந்தே தீருவார். உங்களைத் தெரியாதவர் என்ன தேடுவார்? அதைத்தான் பிடிக்கவேண்டும். இப்போது உங்கள் வெப்சைட்டின் தலையில் 'இண்டஸ்ட்ரியல் ஃபுட் பிராசஸிங் சொல்யூஷன்ஸ்' என்று போட்டிருக்கிறது. படிக்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் கல்யாண மண்டபத்துச் சமையல்காரர் யாராவது இதுவரை உங்களுக்குப் போன் செய்து, "அண்ணே, ஒரு சொல்யூஷன் வேணும்" என்று கேட்டிருக்கிறாரா? "நூறு இட்லி கொப்பரை என்ன விலை?", "ஒரு ஈட்டுக்கு எத்தனை இட்லி வரும்?", "விறகுல வெச்சா அடி பிடிக்குமா?" என்றுதான் கேட்பார்கள். கூகுளிலும் அதையேதான் கேட்கிறார்கள். தமிழில் அடிப்பார்கள், தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள், கை மாவாக இருந்தால் வாயால் சொல்லியே தேடுவார்கள். அந்த வார்த்தை நம் பக்கத்தில் இருந்தால்தானே நம்மிடம் கொண்டுவந்து விடும்?

இன்னொன்று. தங்கையன் அண்ணனிடம் அவருடைய போனைக் கொடுத்து, பட்டறையின் பின்பக்கம், சிக்னல் குறைவாக இருக்கும் இடத்தில் நின்று நம் வெப்சைட்டைத் திறக்கச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள்.

வேறு விசேஷம் இல்லை. எனக்கு வேலை நன்றாகப் போகிறது. தில்லை நகரில் ஒரு ஆபீஸ், கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் வெப்சைட் எழுதிக் கொடுக்கிறோம். நான் எழுதியதற்கு என் பேர் சொல்கிறார்கள்.

பானுப்ரியா


அரியமங்கலம்,
17.2.2025

பானுவுக்கு,

தங்கையன் அண்ணன் பின்பக்கம் நின்று திறந்தார். முதலில் ஒரு வீடியோ சுற்றியது. ஒரு கொப்பரை வானத்திலிருந்து பறந்து வருவதுபோல. பாதி வானத்திலேயே நின்றுவிட்டது. அவர் ஒரு டீ குடித்து முடித்துவிட்டு, "தம்பி, கொப்பரை இன்னும் இறங்கல" என்றார். வீடியோவை எடுக்கச் சொல்லிவிட்டேன்.

அடுத்து ஒன்று சொல்லவேண்டும். சிரிக்காதே.

வெப்சைட்டுக்கு ரிவ்யூ வேண்டும், ஐந்து ஸ்டார் நிறைய இருந்தால் கூகுள் மேலே தூக்கும் என்று கம்பெனிக்காரன் சொன்னான். போன வாரம் என் தங்கை ஆனந்தவள்ளி மகளுக்குச் சமயபுரத்தில் காதணி விழா. தாய்மாமன் என்பதால் என் மடியில்தான் குழந்தை. சொந்தம் மொத்தமும் ஒரே மண்டபத்தில் இருக்கிறது, இதைவிட்டால் சமயம் கிடைக்காது என்று மைக்கில் சொல்லிவிட்டேன், சாப்பிடப் போகும் முன் எல்லாரும் ஆளுக்கொரு ரிவ்யூ போடவேண்டும் என்று. அறுபத்து இரண்டு பேர் போட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான்காம் நாள் ஒன்றையும் காணோம். எல்லாவற்றையும் கூகுள் எடுத்துவிட்டது. நாம் பழையபடி வைத்திருந்த நல்ல ரிவ்யூ நாலைந்தும் அதோடு சேர்ந்து போய்விட்டது. போவதற்கு முன் நான் படித்துப் பார்த்தேன். பெரியப்பா, 'குழந்தை தீர்க்காயுசாக இருக்கட்டும்' என்று எழுதியிருந்தார். லால்குடி மாமா, 'சாப்பாடு அருமை, பாயசத்தில் இனிப்பு கொஞ்சம் கம்மி' என்று மூன்று ஸ்டார்தான் போட்டிருந்தார். இட்லிக் கொப்பரை செய்கிற கடைக்கு!

சீர்த்தட்டைத் தனியாகத் தூக்கினேன். "பானு வரலையா?" என்று கேட்டவர்கள் ரிவ்யூ போட்டவர்களைவிட அதிகம். காய்ச்சல் என்று சொன்னேன். ஆனந்தவள்ளி மட்டும், "ஆறு மாசமா காய்ச்சலாண்ணே?" என்றாள்.

பக்கங்களைத் திரும்ப எழுதவேண்டும் என்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது? கம்பெனிக்காரனுக்குக் கொப்பரைக்கும் குக்கருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

நவநீதன்


ஸ்ரீரங்கம்,
22.2.2025

உரிமையாளர் அவர்களுக்கு,

சிரிக்காதே என்று எழுதினால் சிரிக்காமல் இருக்க முடியுமா? ஆபீசில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். லால்குடி மாமா ஒருவர்தான் மண்டபத்தில் உண்மையை எழுதியிருக்கிறார்.

ஒரே கூரைக்குக் கீழே இருந்து, ஒரே அரை மணி நேரத்தில், நம்மிடம் ஒரு கரண்டிகூட வாங்காத அறுபத்து இரண்டு பேர் புகழ்ந்தால் யாருக்குமே சந்தேகம் வரும். சந்தேகம் என்ன, அது பொய்தானே? வாங்கினவர்களிடம் கேளுங்கள். சாமான் போய்ச்சேர்ந்து பத்து நாள் கழித்து, ஒவ்வொருவராக, "எப்படி இருக்குங்க, மனசுல பட்டதை எழுதுங்க" என்று சொன்னால் போதும். குறை எழுதினால் கீழேயே பதில் போடுங்கள். மாதம் இரண்டு வந்தாலும் அது நிற்கும்.

பழைய பக்கங்களின் நகலை நான் வைத்திருந்தேன். இத்துடன் பென்டிரைவ். என்னோடு வேலை பார்க்கும் அஃப்ஷீனிடம் சொல்லியிருக்கிறேன், அவள் ஏற்றித் தருவாள். அந்தக் கம்பெனி இனி வேண்டாம்.

பழைய நாற்பத்து மூன்று முகவரிகளையும் ஒரு தாளில் எழுதியிருக்கிறேன். இது முக்கியம். சமையல்காரர் சங்கத்தின் வெப்சைட், ஹாஸ்டல் வார்டன்கள் நடத்துகிற ஒரு பக்கம், கேரளாவில் ஒரு கேட்டரிங்காரர், இவர்களெல்லாம் 'இதைப் போய்ப் பாருங்கள்' என்று நம் பழைய முகவரிகளைக் காட்டி வைத்திருந்தார்கள். நாம் கேட்டு அவர்கள் போடவில்லை. பிரயோஜனமாக இருந்தது, போட்டார்கள். நாலு பேர் அப்படிக் கை காட்டினால்தான் கூகுளும் நம்மை நம்பும். அவர்கள் அனுப்பிய ஆட்கள் ஏழு மாதமாக இடிந்த வாசலில் நின்றுவிட்டுத் திரும்புகிறார்கள். வீடு மாறினால் பழைய வாசலில் புது விலாசம் எழுதி ஒட்டவேண்டாமா? வெப்சைட்டிலும் அதைச் செய்யலாம். பழைய முகவரிக்கு வருகிறவரைப் புது முகவரிக்கு அதுவே கொண்டுபோய் விட்டுவிடும். அதில் தற்காலிகம், நிரந்தரம் என்று இரண்டு வகை உண்டு. தற்காலிகம் என்று போட்டால், இவர்கள் திரும்பி வந்துவிடுவார்கள்போல என்று கூகுள் பழைய இடத்தையே மனதில் வைத்திருக்கும். நிரந்தரம் என்று போடுங்கள். அப்போதுதான் பழைய இடத்துக்கு இருந்த நல்ல பெயர் புது இடத்துக்கு வரும்.

புதிதாக எழுத எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டீர்கள். பில் போடும் மேஜையின் கீழ் டிராயர், வெல்டிங் ராடு பாக்கெட்டுக்கு அடியில் நீள நோட்டு இருக்கிறது. எட்டு வருஷமாகப் போனில் யார் என்ன கேட்டார்கள் என்று நான் எழுதி வைத்தது. அந்த நாற்பத்து மூன்று பக்கங்களும் அதிலிருந்து வந்தவைதான். ஒருவர் கேட்பதைத்தான் நூறு பேர் தேடுகிறார்கள். முழுக்கப் படியுங்கள். அவசரமாகப் புரட்டாதீர்கள்.

பானுப்ரியா


அரியமங்கலம்,
9.3.2025

அன்புள்ள பானு,

நோட்டைப் படித்தேன். போன ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பட்டறையில் தனியாக உட்கார்ந்து படித்தேன்.

தேதி, யார், என்ன கேட்டார்கள், என்ன சொன்னோம் என்று நாலு கட்டம். 'துறையூர் மெஸ், ஸ்டீமர் தட்டில் தண்ணீர் சொட்டுகிறது, என்ன செய்ய?' 'மணப்பாறை, மூடி கனமாக இருக்கிறது, பெண்கள் தூக்க முடியுமா?' எவ்வளவு பேர், எவ்வளவு கேள்வி. நான் தகடு வெட்டியதுதான் தொழில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாற்பதாம் பக்கம்போல ஒன்று வந்தது. '14.6.2019. பானு, மாடி வீடு. பட்டறைக்கு மேலேயே இல்லாமல் ஸ்ரீரங்கம் பக்கம் வேறு வீடு பார்க்கலாமா?' என்ன சொன்னோம் என்ற கட்டத்தில், 'பாக்கலாம்.'

முதலில் வேறு யாரோ பானு என்று நினைத்தேன். அவ்வளவுதான் எனக்குப் புத்தி. பிறகு தேடித் தேடி எண்ணினேன். பதினேழு இருக்கிறது. வாடிக்கையாளர்களுக்கு நடுவே வரிசையில் நீயும் நின்றிருக்கிறாய். அவர்களுக்கெல்லாம் பதில் கட்டத்தில் இரண்டு மூன்று வரி இருக்கிறது. உனக்கு 'பாக்கலாம்', 'ம்', 'இப்ப லைன்ல இருக்கேன்'.

இப்போது பதில் எழுதுகிறேன். தாமதம்தான்.

'கண் எரிகிறது என்கிறீர்களே, டாக்டரைப் பார்க்கலாமா?' போன வியாழக்கிழமை பார்த்தேன். சொட்டு மருந்து கொடுத்து, முகத்தை முழுக்க மூடும் கண்ணாடி இல்லாமல் வெல்டிங் பக்கம் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஐந்து வருஷத்துக்கு முன் வந்திருக்கவேண்டும் என்றார். நீயும் ஐந்து வருஷத்துக்கு முன்தான் கேட்டிருக்கிறாய்.

'அக்கா பெண் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே போகலாமா?' நீ மட்டும் போனாய். தாலி கட்டி முடிந்த பிறகுதான் நான் வந்து, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். இதற்குப் பதில் இல்லை, மன்னிப்புதான் இருக்கிறது.

'நம் மாடியில் நடந்த பட்டறைச் சங்கக் கூட்டத்தில் வெப்சைட் யார் செய்தது என்று கேட்டார்களே, ஏன் என் பேரைச் சொல்லவில்லை?' இந்தக் கட்டத்தை நீயே காலியாக விட்டிருக்கிறாய். கேரளா வரை ஆர்டர் வருவது மனைவி எழுதுவதால்தான் என்று நாலு முதலாளிகள் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. "எங்க அப்பா பேருக்கு வர்றாங்க" என்றேன். நீ காபித் தட்டோடு பக்கத்தில் நின்றாய். அந்த முகம் எனக்கு அப்போதே தெரிந்தது, பானு. தெரியாததுபோல இருந்தேன்.

வீட்டுக் கேள்வி மட்டும் ஆறு முறை வருகிறது. அதற்கு எழுத உட்கார்ந்தேன். அப்பா கட்டிய மாடி, ராத்திரி பகல் எப்போது ஆள் வந்தாலும் இறங்கிப் பேசலாம், கரண்ட் போனால் உடனே தெரியும் என்றெல்லாம் மனதில் ஓடியது. கை 'பாக்கலாம்' என்றே எழுதப் போனது. அடித்துவிட்டேன். பொய்யாக நிரப்புவதைவிட அந்தக் கட்டம் காலியாக இருக்கட்டும்.

அன்புடன்,
நவநீதன்


அரியமங்கலம்,
20.4.2025

அன்புள்ள பானு,

பதில் வேண்டும் என்று எழுதவில்லை. செய்தி சொல்லத்தான்.

அஃப்ஷீன் எல்லாப் பக்கங்களையும் ஏற்றிவிட்டாள். பழைய முகவரி நாற்பத்து மூன்றும் புது இடத்துக்கு வருகிறது. 'சொல்யூஷன்ஸ்' போய்விட்டது. தலைப்பில் 'இட்லிக் கொப்பரை, அன்னதானப் பாத்திரங்கள், திருச்சி' என்று இருக்கிறது. தினமும் காலையில் போனை எடுத்து எத்தனாவதாக வருகிறோம் என்று பார்த்தேன். நாலாம் பக்கம், நாலாம் பக்கம், மறுபடி நாலாம் பக்கம். "இப்படிப் பாத்துக்கிட்டே இருந்தா வராதுண்ணே, மாசக் கணக்காகும், நீங்க அடுத்த பக்கத்தை எழுதுங்க" என்று அஃப்ஷீன் திட்டினாள். பார்ப்பதை நிறுத்திவிட்டு ஒரு பக்கம் நானே எழுதினேன். உன் எழுத்துபோல இருக்காது.

இந்த வாரம் பதினொரு போன். இப்போது நான்தான் எடுக்கிறேன். நோட்டில் எழுதுகிறேன். கடைசி வரை கேட்டுவிட்டுப் பதில் சொல்வது வெல்டிங்கைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

நவநீதன்


ஸ்ரீரங்கம்,
29.5.2025

அன்புள்ள உங்களுக்கு,

இரண்டரை மாதம் பேசாமல் இருந்தேன். கோபத்தால் இல்லை. உங்கள் பதில்கள் ஒரு வாரத்து உற்சாகமா, நிற்கிற சங்கதியா என்று தெரிய நாள் வேண்டியிருந்தது. தொழிலிலும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன், வாழ்க்கையில் மட்டும் அவசரப்படலாமா?

நேற்றுச் சாயந்திரம் அம்மா மண்டபப் படித்துறையில் உட்கார்ந்து போனில், 'ஒரு ஈட்டுக்கு எத்தனை இட்லி' என்று அடித்துப் பார்த்தேன். மூன்றாவதாக நீங்கள் எழுதிய பக்கம் வந்தது. பத்து தட்டு என்றால் எவ்வளவு, மாவு எவ்வளவு வேண்டும், விறகென்றால் எத்தனை நிமிஷம், எல்லாம் இருந்தது. 'தட்டு நிறைய ஊற்றினால் நடு இட்லி வேகாது, நான் சொன்னால் கேளுங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியே நீங்கள் பேசுவதுபோல இருந்தது. கடைசியில், 'இந்த வெப்சைட்டை உருவாக்கியவரும் மற்றப் பக்கங்களை எழுதியவரும் பானுப்ரியா. எங்களுக்கு ஆர்டர் வருவது இவரால்' என்று போட்டிருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் துணி பிழிந்துகொண்டிருந்த ஒரு அம்மா, நான் திதி கொடுக்க வந்தவள் என்று நினைத்து, யார் தவறிவிட்டார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு, அந்த வரியை மறுபடி படித்தேன்.

ஆனால் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த மாடிக்கு நான் திரும்பி வரமாட்டேன். அங்கே சாப்பாட்டுத் தட்டுக்கும் பட்டறைக்கும் நடுவே ஒரு பலகைதான் இருந்தது. பதினொரு வருஷத்தில் ஒரு முறைகூட நீங்கள் முழுச் சாப்பாடு சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. நீங்கள் மாறியிருக்கலாம், அந்த வீடு மாறாது.

அதனால் நோட்டுக்குப் பதினெட்டாவது எழுதுகிறேன். அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள்.

தேதி: 29.5.2025.
யார்: பானு, ஸ்ரீரங்கம்.
என்ன கேட்டார்கள்: நான் இருக்கும் வீட்டில் இன்னொரு அறை இருக்கிறது. நீங்கள் இங்கே வந்து இருக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியாக இல்லை.
என்ன சொன்னோம்:

நாலாவது கட்டம் உங்களுடையது. முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள், தாங்கிக்கொள்வேன். 'பாக்கலாம்' என்று மட்டும் எழுதாதீர்கள்.

பானு


அரியமங்கலம்,
3.6.2025

அன்புள்ள பானு,

என்ன சொன்னோம்: வருகிறேன். வரும் ஞாயிறு, 8ஆம் தேதி, காலை ஒன்பது மணிக்குள். வைகாசி முடிய இன்னும் நாள் இருக்கிறது. ஆனி பிறந்துவிட்டால், வீடு மாறக்கூடாத மாதம் என்று எல்லாரும் ஏதாவது சொல்வார்கள்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்தால் உன் தெருவுக்கு எவ்வளவு நேரம் என்று நேற்றுப் போய்ப் பார்த்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை, தெருமுனை வரைதான். மொத்தம் ஐம்பது நிமிஷம். காலை எட்டுக்குக் கிளம்பலாம், இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். கரண்ட் போனால் தங்கையன் அண்ணன் பார்த்துக்கொள்வார். இத்தனை வருஷமும் அவர்தான் பார்த்திருக்கிறார், நான் மேலேயிருந்து கத்தினேன், அவ்வளவுதான்.

நேரம் தெரியாமல் ஆள் வந்து மாடிக் கதவைத் தட்டுவார்களே என்று யோசித்தேன். வாசலில் ஒட்ட ஒரு அட்டையில் எழுதினேன்: 'பட்டறை காலை 9 முதல் மாலை 6 வரை. நவநீதன் வீடு இங்கே இல்லை. ஸ்ரீரங்கம், அம்மா மண்டபம் சாலை.'

தங்கையன் அண்ணன் அதை வாங்கிப் படித்தார். "அட்டை மழை வந்தா கிழிஞ்சிரும் தம்பி. இது கொஞ்ச நாளைக்கா, நிரந்தரமா?" என்று கேட்டார்.

நிரந்தரம் என்றேன். அவர் உள்ளே போய், கொப்பரைக்கு வெட்டிய ஸ்டீல் தகட்டில் மிச்சம் எடுத்து, எழுத்தெழுத்தாக வெட்டி, வாசல் இரும்புக் கதவில் நாலு மூலையிலும் வெல்டிங் வைத்துவிட்டார். இனி கழற்றுவது என்றால் கதவோடுதான் கழற்றவேண்டும்.

அன்புடன்,
நவநீதன்